'குழந்தை வெயிட் கம்மியா இருக்கு!' - அம்மா மேல பழி போடும் முன், டாப்ளர் ஸ்கேன் என்ன சொல்லுதுன்னு பாருங்க

ஏழாவது மாசம். வளைகாப்புக்குத் தேதி குறிச்சாச்சு. அந்த நேரம் பார்த்து எடுத்த ஸ்கேனில், "குழந்தையோட வளர்ச்சி கொஞ்சம் கம்மியா தெரியுது. எதுக்கும் ஒரு டாப்ளர் பார்த்துடலாம்" என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

"நீ ஒழுங்கா சாப்பிட்டியா?"

அடுத்து, "அப்பவே சொன்னேன், பைக்ல போகாதேன்னு", "போனையே பார்த்துக்கிட்டிருந்தா குழந்தை எப்படி வளரும்?" என ஆளாளுக்கு ஒரு காரணம் வரும். பழி மட்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும், அம்மா தலையில்.

சத்துக்குறைவும் ரத்தசோகையும் குழந்தையின் எடையைப் பாதிக்கும்தான். ஆனால், நன்றாகச் சாப்பிட்டும் குழந்தை வளரவில்லை என்றால், பல நேரங்களில் பிரச்னை அம்மாவின் தட்டில் இருக்காது. தட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்களில் இருக்கும். அந்தக் குழாய்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று, ஒரு ஊசிகூடப் போடாமல் வெளியிலிருந்தே பார்க்கும் வழிதான் டாப்ளர் ஸ்கேன்.

நீங்கள் கர்ப்பமாக இருந்தாலும் சரி, அப்பா ஆகப்போகிறவராக இருந்தாலும் சரி, அக்காவுக்குத் துணையாக ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவராக இருந்தாலும் சரி, அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மாசத்துக்கு மட்டும் ஒரு உறுப்பு

நம் உடம்பில் தேவைப்படும்போது உருவாகி, வேலை முடிந்ததும் வெளியேறிவிடும் உறுப்பு நஞ்சுக்கொடி. பிரசவ நேரத்தில் அதன் எடை சுமார் அரை கிலோ. விட்டம் 20 சென்டிமீட்டருக்கு மேல், தடிமன் இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர். நல்ல தடிமனான ஊத்தப்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த அளவு.

குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாமே அப்போதைக்கு இதுதான். ஆக்சிஜன் தருவது, சத்து தருவது, கழிவை எடுத்துச் செல்வது என மூன்று வேலையும் இதன் பொறுப்பு. உள்ளே மரக்கிளைகள்போலப் பிரிந்து பிரிந்து போகும் மெல்லிய விரல்கள் இருக்கின்றன. அவற்றின் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கும் அதிகம். அதாவது, ஒரு பெட்ரூம் தரை அளவு!

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அம்மாவின் ரத்தம் அப்படியே குழந்தைக்குள் ஓடுகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அம்மாவின் ரத்தம் அந்த விரல்களைச் சுற்றிக் குளம்போல நிற்கும். குழந்தையின் ரத்தம் அந்த விரல்களுக்கு உள்ளே ஓடும். நடுவில் ஒரு மெல்லிய சுவர். ஆக்சிஜனும் சத்தும் சுவரைத் தாண்டிப் போகும், கழிவு இந்தப் பக்கம் வரும். ரெண்டு ரத்தமும் கலக்காது.

அப்படியென்றால், நஞ்சுக்கொடிக்கு இரண்டு பக்கமும் ரத்தம் சரியாக வர வேண்டும். அம்மா பக்கத்திலிருந்து ஒன்று, குழந்தை பக்கத்திலிருந்து இன்னொன்று. எந்தப் பக்கம் அடைபட்டாலும் கடை மூடிய மாதிரிதான்.

குழாயை அகலமாக்கும் குட்டி செல்கள்

கர்ப்பப்பையின் உள்சுவருக்கு ரத்தம் கொண்டு வருபவை, சுருள் சுருளாக இருக்கும் சின்னத் தமனிகள். கர்ப்பம் இல்லாதபோது இவை ஒல்லியாக, இறுக்கமான தசைச் சுவரோடு இருக்கும். குழந்தை வளர இந்த அளவு போதாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் தேவைப்படும்.

அதனால் கர்ப்பத்தின் முதல் பாதியில் ஒரு ஆச்சர்யமான வேலை நடக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் அம்மாவின் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைந்து, அந்தச் சுருள் தமனிகளின் தசையைக் கரைத்து, குழாயின் வாயைப் பல மடங்கு அகலமாக்கிவிடுகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐவோ பிராசன்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1960-களில் இதை விவரமாக எழுதினார்கள். சுமார் 20 வாரத்துக்குள் இந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும்.

அகலமாவதில் என்ன லாபம்? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீங்க. வாய்க்கால் அகலமாக இருந்தால், தண்ணீர் நிதானமாகப் பரவி எல்லாப் பாத்திக்கும் போகும். அதையே ஒல்லியான பைப்பில் வேகமாகப் பீய்ச்சினால்? விழும் இடத்தில் மண் அரிக்கும், மூலையில் இருக்கும் செடி காயும். சுருள் தமனிகள் சரியாக அகலமாகாவிட்டால் நஞ்சுக்கொடிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வேகமாகப் பீய்ச்சும் ரத்தம் அந்த மெல்லிய விரல்களைச் சேதப்படுத்துகிறது. சில இடங்களுக்கு ரத்தமே போதுமான அளவு போவதில்லை.

விளைவு இரண்டு வகையில் தெரியலாம். ஒன்று, குழந்தையின் வளர்ச்சி குறைவது. இன்னொன்று, பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடியிலிருந்து அம்மாவின் ரத்தத்தில் கலக்கும் பொருள்களால் அம்மாவுக்கு பி.பி. ஏறுவது. 20 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற ஆபத்தான நிலைக்கு இது முக்கியக் காரணம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

கவனியுங்கள்... இந்த வேலை நடக்கும்போது பல பெண்களுக்கு வயிறே சரியாக வெளியில் தெரிந்திருக்காது. நீங்கள் ஒரு வேளை சாப்பிடாமல் விட்டதாலோ, ஆபீஸுக்கு பஸ்ஸில் போனதாலோ இது கெட்டுப்போவதில்லை.

108 சைரனும் டாப்ளரும்

சரி, வயிற்றுக்குள் இருக்கும் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

108 ஆம்புலன்ஸ் உங்களை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கும். உங்களைத் தாண்டிப் போனதும் அதே சைரன் கொஞ்சம் இறங்கிக் கேட்கும். டிரைவர் சைரனை மாற்றவில்லை. நகரும் பொருளிலிருந்து வரும் அலை, நெருங்கும்போது நெருக்கமாகவும், விலகும்போது நீண்டும் நம்மை வந்தடைகிறது. 1842-ல் ப்ராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இதைச் சொன்னார். அவர் யோசித்தது நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. 1845-ல் நெதர்லாந்தில், ஓடும் ரயிலில் ட்ரம்பெட் வாசிக்கவிட்டு, கீழே நின்ற இசைக் கலைஞர்களைக் காதால் கேட்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார்கள். ஒலிக்கும் அது பொருந்தியது.

ஸ்கேன் மெஷினில் ஆம்புலன்ஸின் இடத்தில் இருப்பவை ரத்தத்தின் சிவப்பணுக்கள். வயிற்றில் ஜெல் தடவி வைக்கும் புரோபிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி அலை போகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து, ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மெஷின் கணக்குப் போடுகிறது.

ஸ்பீக்கரில் 'வுஷ்... வுஷ்...' என்று கேட்கிறதே, அது ரத்தத்தின் நிஜமான சத்தம் இல்லை. அதிர்வெண்ணில் வந்த அந்த வித்தியாசம் நம் காதுக்குக் கேட்கும் அளவில் இருப்பதால், அதையே ஒலியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். கர்ப்பப்பைக்கு வரும் தமனியில் அது உங்கள் நாடித்துடிப்பின் தாளத்தில் கேட்கும். தொப்புள்கொடியில் வைத்ததும் தாளம் வேகமெடுக்கும். ஏன்னா, அது குழந்தையின் இதயம், நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை துடிப்பது.

கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது. உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ஒலி அலைக் கருவியை, இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் மனித வயிற்றுக்குக் கொண்டுவந்தார். அவருடைய முக்கியமான கட்டுரை 1958-ல் வெளியானது. தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பதிவு செய்து டப்ளினைச் சேர்ந்த ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் எழுதியது 1977-ல். அம்மா பக்கத்து ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை லண்டனில் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் குழு 1983-ல் வெளியிட்டது.

மலையும் பள்ளமும்

ரிப்போர்ட்டோடு ஒட்டித் தரும் படத்தில், மலை மலையாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு மலை உச்சியும் இதயம் ரத்தத்தைத் தள்ளும் நொடி. இரண்டு மலைக்கு நடுவில் இருக்கும் பள்ளம், இதயம் ஓய்வெடுக்கும் நொடி.

டாக்டர் முக்கியமாகப் பார்ப்பது உச்சியை அல்ல, பள்ளத்தை!

எதிரே இருக்கும் குழாய்கள் தாராளமாக, இளக்கமாக இருந்தால், இதயம் தள்ளாத நேரத்திலும் ரத்தம் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். பள்ளம் உயரமாகவே இருக்கும். எதிரே குழாய்கள் இறுகியிருந்தால், தள்ளும்போது மட்டும் ரத்தம் போகும், விட்டதும் நின்றுவிடும். பள்ளம் கீழே இறங்கும். ஆரோக்கியமான கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடியில் கிளைகள் அதிகமாகி, பள்ளம் மேலே ஏறிக்கொண்டே வர வேண்டும்.

பி.ஐ., ஆர்.ஐ., எஸ்/டி ரேஷியோ என்று ரிப்போர்ட்டில் வரும் மூன்றுமே இந்த உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண்கள்தான். வித்தியாசம் அதிகமானால் எண் அதிகமாகும். எண் அதிகமானால் எதிரே தடை அதிகம் என்று அர்த்தம். வேகத்தை நேரடியாகச் சொல்லாமல் ஏன் இந்த விகிதம்? புரோபைப் பிடிக்கும் கோணம் மாறினால் வேகத்தின் அளவும் மாறிவிடும். விகிதம் போட்டால் அந்தப் பிழை அடிபட்டுப்போகும். எளிமையான புத்திசாலித்தனம்!

மூன்று இடம், மூன்று கேள்வி

கர்ப்பப்பைத் தமனி: வலம், இடம் என இரண்டு. ரிப்போர்ட்டில் 'யூட்டரைன் ஆர்ட்டரி' என்று இருக்கும். 'அம்மா பக்கத்திலிருந்து ரத்தம் தடையில்லாமல் வருகிறதா?' என்பது இங்கே கேள்வி. சுருள் தமனிகள் சரியாக அகலமாகியிருந்தால் இங்கே தடை குறைந்திருக்கும். மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் சின்னக் குழி தெரிந்தால் அதை 'நாட்ச்' என்பார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது பலருக்கும் இருப்பதுதான். ஆறாவது மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் டாக்டர் கூடுதல் கவனம் வைப்பார்.

தொப்புள்கொடித் தமனி: ரிப்போர்ட்டில் 'அம்பிலிக்கல் ஆர்ட்டரி' என்று வருவது இதுதான். தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. நல்ல ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது சிரை, திருப்பி எடுத்துச் செல்பவை தமனிகள். 'குழந்தை பக்கத்தில் நஞ்சுக்கொடியின் கிளைகள் எவ்வளவு நல்லா இருக்கு?' என்பதை இது சொல்லும். நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாதிக்கப்பட்ட பிறகே இந்த எண் மாறத் தொடங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதில் மாற்றம் வந்தால் டாக்டர்கள் சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூளையின் நடுத் தமனி: எம்.சி.ஏ. என்று சுருக்கமாக எழுதுவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்தால் யாருக்கு முதலில் போடுவோம்? குழந்தையும் அதே கணக்கைப் போடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பும். கை, கால், குடல், சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும். மூளைக்குப் போகும் குழாய் விரிவதால் அங்கே எண் குறையும். மற்ற இடத்தில் எண் குறைந்தால் சந்தோஷம், இங்கே குறைந்தால் எச்சரிக்கை. மூளை எண்ணைத் தொப்புள்கொடி எண்ணால் வகுத்து வருவதுதான் சி.பி.ஆர்.

நிலைமை மோசமானால் நான்காவதாக, குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டக்டஸ் வீனோஸஸ் என்ற சின்ன சிரையையும் பார்ப்பார்கள். இதயம் சோர்ந்துபோகிறதா என்று அது காட்டும்.

சின்னக் குழந்தை எல்லாம் ஆபத்தில் இருக்கும் குழந்தை இல்லை

ஒரே வாரத்தில் இருக்கும் 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், கடைசிப் பத்துக்குள் வருவதைத்தான் '10-வது சென்டைலுக்குக் கீழே' என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் சின்ன உடல்வாகு என்றால் குழந்தையும் சின்னதாக இருக்கலாம். அது நோய் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனிலும் தன் கோட்டிலேயே வளர்ந்துகொண்டு, டாப்ளரும் நார்மலாக இருந்தால், பெரும்பாலும் அது வாகே அப்படி உள்ள ஆரோக்கியமான குழந்தை.

எடையும் குறைவு, டாப்ளரும் மாறியிருக்கிறது என்றால்தான் நஞ்சுக்கொடியிலேயே பிரச்னை என்று சந்தேகம் வலுக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் டாப்ளரின் பெரிய உதவி. "சின்னக் குழந்தைன்னா நல்லதுதானே, சுகப்பிரசவம் ஆகும்" என்று சொல்பவர்களுக்கும், "ஐயோ, குழந்தை வெயிட்டே இல்லையே" என்று பயமுறுத்துபவர்களுக்கும் இது ஒரே பதிலாக இருக்கும்.

ரிப்போர்ட்டில் பார்த்ததும் டாக்டர் முகம் மாறும் வார்த்தை ஒன்று உண்டு. தொப்புள்கொடித் தமனியில் 'ஆப்சென்ட் எண்ட் டயஸ்டாலிக் ஃப்ளோ'. அதாவது, பள்ளம் தரையைத் தொட்டுவிட்டது, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் ரத்தம் அப்படியே நிற்கிறது. அதைவிட மோசமானது 'ரிவர்ஸ்டு', ரத்தம் பின்னால் திரும்புகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும், 'நாளைக்குப் பார்க்கலாம், நல்ல நாள் பார்த்துப் போகலாம்' என்ற பேச்சே கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து உண்டா?

கசப்பான பதில்... இறுகிய குழாய்களைத் திறந்துவிடும் மருந்து இன்னும் இல்லை. ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில், அதாவது வயாகரா மாத்திரையில் இருக்கும் அதே மருந்து, உதவுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், மருந்து எடுத்த அம்மாக்களின் குழந்தைகளுக்குப் பிறந்தபின் நுரையீரல் ரத்தக்குழாய் பிரச்னையும் அதனால் மரணங்களும் தெரியவர, 2018-ல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் சரியாகும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் டாப்ளர் பார்த்து என்ன பயன்? நேரம்! குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்ற முடிவுதான் இங்கே சிகிச்சை.

அது லேசான முடிவு இல்லை. சீக்கிரம் எடுத்தால் நுரையீரல் முதிராத குழந்தை இன்குபேட்டரில் போராட வேண்டும். தாமதித்தால் வயிற்றுக்குள்ளேயே இழக்க நேரலாம். 28 வாரத்தில் ஒவ்வொரு நாளும் தங்கம். 37 வாரத்தில் காத்திருப்பதில் அந்த அளவு லாபம் இல்லை. எண் கொஞ்சம் மட்டும் உயர்ந்திருந்தால் அடிக்கடி ஸ்கேன் பார்த்தபடி 36, 37 வாரம் வரை கொண்டுபோவார்கள். ரத்த ஓட்டம் நிற்கும் நிலை என்றால் பொதுவாக 34 வாரத்தைத் தாண்ட விடமாட்டார்கள். பின்னால் திரும்பும் நிலை என்றால் 32-ஐத் தாண்ட விடமாட்டார்கள். டக்டஸ் வீனோஸஸும் மாறினால் அதற்கும் முன்பே எடுக்க வேண்டியிருக்கும். கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கும் மருத்துவமனைக்கு அம்மாவை மாற்றுவார்கள்.

பலன் நிஜமானது. ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களில் தொப்புள்கொடி டாப்ளர் பார்த்து முடிவெடுத்தால், பிரசவத்தையொட்டிய குழந்தை மரணம் சுமார் 29% குறைகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

முன்கூட்டியே தெரிந்தால்?

இங்கேதான் நல்ல செய்தி. 11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் என்.டி. ஸ்கேன் ஞாபகம் இருக்கா? அதே நேரத்தில் கர்ப்பப்பைத் தமனியையும் அளந்து, அம்மாவின் பி.பி., வயது, எடை, முந்தைய பிரசவ விவரம், ஒரு ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தால், பின்னால் ப்ரீஎக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று கணிக்கலாம். லண்டனில் கிப்ரோஸ் நிகோலைடிஸ் குழு இந்த முறையை வளர்த்தது.

கணித்தால் மட்டும் போதுமா? அந்தக் குழுவின் பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. ஆபத்து அதிகம் என்று தெரிந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு 11-14 வாரத்திலிருந்து 36 வாரம் வரை, தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய ப்ரீஎக்ளாம்ப்சியா, ஆஸ்பிரின் எடுக்காதவர்களில் 4.3% பேருக்கு வந்தது. எடுத்தவர்களில் 1.6% பேருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிடாதீங்க! யாருக்குத் தேவை, யாருக்குக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். நீங்கள் செய்ய வேண்டியது, முதல் மூன்று மாதத்துக்குள் செக்கப்புக்குப் போய், முந்தைய கர்ப்பத்தில் பி.பி. ஏறியது, குழந்தை எடை குறைந்தது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி இருந்தது போன்ற எதையும் மறைக்காமல் சொல்வது. 16 வாரம் தாண்டித் தொடங்கினால் ஆஸ்பிரினின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

எல்லோருக்கும் தேவையா? பாதுகாப்பானதா?

பி.பி., சுகர், இரட்டைக் குழந்தை, முன்பு எடை குறைந்த குழந்தை, வளர்ச்சிக் குறைவு, அசைவு குறைவு போன்றவை இருந்தால் டாப்ளர் அவசியம். எந்தப் பிரச்னையும் இல்லாத கர்ப்பத்தில், கடைசி மாதங்களில் எல்லோருக்கும் டாப்ளர் பார்ப்பதால் தெளிவான பலன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால், டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களாகக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை.

இது எக்ஸ்ரே இல்லை, கதிர்வீச்சு கிடையாது. ஆனால், சாதாரண ஸ்கேனைவிட டாப்ளரில் ஒலி ஆற்றல் ஒரே இடத்தில் அதிகம் குவியும். அதனால், முதல் மூன்று மாதங்களில் காரணம் இருந்தால் மட்டும், குறைந்த அளவில், குறைந்த நேரம் பயன்படுத்துவதுதான் விதி. 'ஹார்ட் பீட் கேட்கலாமே' என்று பொழுதுபோக்குக்காகச் செய்யக் கூடாது.

ஸ்கேன் ரொம்ப நேரம் எடுத்தால் பதறாதீங்க. குழந்தை அசையும்போதும், மூச்சு விடுவதுபோல நெஞ்சை அசைக்கும்போதும் எண்கள் மாறிவிடும். அது அமைதியாகும் வரை டாக்டர் காத்திருப்பார். மல்லாந்து படுத்துத் தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டு, இடதுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. கலர் டாப்ளரில் தெரியும் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் இல்லை. புரோபை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான். நஞ்சுக்கொடி வலப்பக்கம் இருந்தால் ஆண், இடப்பக்கம் இருந்தால் பெண் என்று ரீல்ஸில் சுற்றுவதும் ஆதாரமில்லாத கதை. குழந்தையின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேனுக்கு முன் நீங்கள் கையெழுத்துப் போடும் படிவம் அதற்காகத்தான்.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கேட்க 5 கேள்விகள்

1. இந்த எண்கள் என் வாரத்துக்கு நார்மலா? (28 வாரத்தில் நார்மலான எண் 36 வாரத்தில் நார்மலாக இருக்காது. அதனால் தோழியின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீங்க.)

2. குழந்தை போன ஸ்கேனிலிருந்து எவ்வளவு வளர்ந்திருக்கு?

3. அடுத்த டாப்ளர் எப்போது? (நிலையைப் பொறுத்து இரண்டு வாரமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம்.)

4. சீக்கிரம் பிரசவம் பார்க்க வேண்டி வந்தால், இந்த மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கா?

5. எந்த அறிகுறி வந்தால் நான் உடனே வரணும்?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளலாம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, ரத்தக்கசிவு, நீர் உடைவது... இதில் எது வந்தாலும் இரவு 2 மணியானாலும் கிளம்புங்கள்.

"போன வாரம்தான் டாப்ளர் நார்மல்னு சொன்னாங்களே" என்று வீட்டில் சொல்லலாம். கேட்காதீர்கள். டாப்ளர் சொல்வது அன்றைய நிலையைத்தான். அதுவும் 32 வாரத்துக்குப் பிறகு தொடங்கும் வளர்ச்சிக் குறைவில், நஞ்சுக்கொடி தடுமாறினாலும் தொப்புள்கொடி எண் நார்மலாகவே காட்டலாம். எந்த மெஷினும் வீட்டுக்குக் கூட வராது. 24 மணி நேரமும் குழந்தையோடு இருப்பது நீங்கள் மட்டும்தான். 'ஏதோ சரியில்லை' என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம்.

கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் யாராவது "இவ சாப்பிடாம இருந்துதான் இப்படி ஆச்சு" என்று தொடங்கினால், சும்மா போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீங்க. ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த மலையையும் பள்ளத்தையும் காட்டி, "பிரச்னை இங்க இருக்கு, அவ மேல இல்ல"னு நீங்க சொல்லுங்க. பயத்தோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய துணை வேறில்லை.